ஏன் முன்பே போகவில்லை?

பெரும் அழிவொன்றிலிருந்து உயிர் தப்பியவர் தம் கதையைச் சொல்லி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து வரும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏன் முன்பே அங்கிருந்து போகவில்லை?” வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் இதனை நான் பல தடவை காதால் கேட்டுவிட்டேன். கேட்கும் பிள்ளையிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி விழுந்தவுடன் சொன்னவரின் முகம் மாறுவதையும் கண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது, அதற்கு உண்மையான பதில் என்ன, இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டபின் நம் பிள்ளைகளுக்குள் என்ன நடக்கிறது என்பவற்றை மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஏறக்குறைய ஏழரை மணிக்கு, கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்த தோட்டப் பிரிவில் மலை சரிந்தது. லயங்களும் கோயிலும் தேயிலை மலையும் சேற்றுக்குள் போயின. மலைக்கு வேலைக்குப் போயிருந்தவர்களும் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகளும் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்களே அதிகம் அகப்பட்டார்கள். முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பிறகு குறைந்துகொண்டே வந்தது. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலையிலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில்தான் அவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன.

இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அப்போது சிறு பிள்ளைகள். அவர்களுக்கு மீரியபெத்த என்பது பொது அறிவு வினாத்தாளில் வரும் ஒரு பெயர். எனவே சில மாணவியரைக் கூட்டிக்கொண்டு, அங்கிருந்து தப்பிய ஒரு தாயாரைச் சந்திக்கப் போனோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று காலை அவர் பிரட்டுக்களத்துக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்த இருவரை இழந்தார்.

பிள்ளைகள் மலை சரிந்த சத்தத்தைப் பற்றிக் கேட்கக் காத்திருந்தார்கள். அந்த அம்மாவோ முதல் பத்து நிமிடமும் ரொட்டி மாவைப் பற்றிப் பேசினார். முதல் நாள் இரவு மாவு போதவில்லை என்பதையும், காலையில் பக்கத்துக் காம்பராவில் ஒரு கோப்பை கடன் வாங்கியதையும், அந்தக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னார். கோப்பைக்காரியும் இல்லை, காம்பராவும் இல்லை. மலை விழுந்ததைப் பற்றி அவர் சொன்னது இரண்டே வசனம். பிறகு பேசாமல் இருந்தார்.

நம் பிள்ளைகளும் பேசவில்லை. ஒருத்தி அழுதாள். ஒருத்தி குறிப்புப் புத்தகத்தில் எதையோ வேகமாக எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு பார்த்தால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள். இன்னொருத்திக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது, அவமானத்தில் வெளியே ஓடிவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாங்க முடியாத ஒன்றைக் கேட்கும்போது சில பிள்ளைகளின் உடம்பு சிரிப்பாகவே அதை வெளியேற்றும். அது கல்நெஞ்சம் ஆகாது. அந்தப் பிள்ளையைத்தான் நான் அன்று அதிக நேரம் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அமைதியைக் கலைத்தது வழக்கமான கேள்விதான். “ஏன் அம்மா முன்னாடியே போகல்ல? அந்த இடம் ஆபத்து என்று சொல்லியிருந்தாங்கதானே?”

இந்தக் கேள்வி நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பிரீமோ லெவி என்ற இத்தாலிய இரசாயனவியலாளர் 1944ஆம் ஆண்டு அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஸிகள் அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்ற கொடுமையிலிருந்து உயிரோடு திரும்பிய சிலருள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் பாடசாலைகளுக்குப் போய்த் தம் அனுபவத்தைச் சொல்லிவந்தார். ஏன் தப்பி ஓடவில்லை, ஏன் எதிர்த்து எழவில்லை, ஏன் முன்பே நாட்டை விட்டுப் போகவில்லை என்று மாணவர்கள் எங்கும் கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் முகாமின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரையச் சொன்னானாம். காவற்கோபுரம் எங்கே, மின்சார நிலையம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு, காவலாளியைக் கொன்று அவனுடைய உடையை அணிந்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வெளியேறலாம் என்று ஒரு திட்டத்தை விளக்கினான். இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் நான் சொன்னபடி செய்யுங்கள் என்று அவருக்கு அறிவுரையும் கூறினான். லெவி கோபப்படவில்லை. அந்தக் காலத்தில் அங்கே இருந்த நிலைமைக்கும், புத்தகமும் திரைப்படமும் ஊட்டிய கற்பனைக்கும் இடையே ஆண்டுதோறும் அகலும் இடைவெளியாகவே அதைக் கண்டார். முகாமில் இருந்தவன் பசியால் எலும்பாகிப் போனவன், தலை மழிக்கப்பட்டவன், வெளியே போனால் ஒளிந்துகொள்ள ஒரு வீடும் இல்லாதவன். சிறுவனின் திட்டத்தில் இவை எதுவும் இல்லை.

அந்தச் சிறுவனை நினைத்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அவன் செய்ததில் ஓர் அன்பும் இருக்கிறது. தன் முன்னே நிற்கும் மனிதருக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது என்று அவன் தவித்திருக்கிறான். எங்கள் மாணவி கேட்டதும் அதே தவிப்பில்தான். கூடவே ஒரு பயமும் ஒளிந்திருக்கும். அவர்கள் ஏதோ ஒரு பிழை செய்தார்கள், நான் அந்தப் பிழையைச் செய்ய மாட்டேன், ஆகவே எனக்கு அப்படி நடக்காது என்று மனம் தனக்குத் தானே ஒரு வேலி கட்டிக்கொள்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு. கேட்கிறவளுக்குக் கதையின் முடிவு தெரியும். ஒக்டோபர் 29 வரப்போகிறது என்று தெரிந்தபடியே அவள் 28ஆம் திகதி இரவைப் பார்க்கிறாள். அந்த அம்மாவுக்கு 28ஆம் திகதி இரவு என்பது மழை பெய்த இன்னுமோர் இரவு, அவ்வளவுதான்.

அந்த அம்மா என்ன பதில் சொன்னார்? “எங்க போறது கண்ணு?” என்றார். அவ்வளவையும் இந்த மூன்று சொல்லில் சொல்லிவிட்டார். மிச்சத்தை விளக்குவது ஆசிரியையின் வேலை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மீரியபெத்த மலைச்சரிவு ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆகவே எச்சரிக்கை இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை என்பது ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் போக வேண்டிய இடத்தின் முகவரி இருக்க வேண்டுமே! தோட்டத்து லயக் காம்பரா அதில் வாழ்பவருக்குச் சொந்தமானதன்று. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவரின் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட இருப்பிடம் அது. பெருந்தோட்டக் காணிகள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசுக்குச் சொந்தமாயின. 1992இலிருந்து அவற்றைக் கம்பனிகள் நடத்துகின்றன. நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவில் பிறந்து வளர்ந்த குடும்பத்துக்கும் அந்தக் காம்பராவை விற்க முடியாது, அதை ஈடு வைத்துக் கடன் எடுக்கவும் முடியாது. இன்னோர் இடத்தில் காணி வாங்குவதற்குக் கையில் எதுவும் இல்லை. வேலையை விட்டுப் போனால் பேர் வெட்டுப்படும். பேர் வெட்டுப்பட்டால் சம்பளமும் போகும், கூரையும் போகும். இன்னும் பின்னால் போனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வருகிறது. அந்தச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தீர்வு இல்லை. மற்றவர்களுக்கு அரச காணிகள் பகிர்ந்தளிக்கப்பட்ட காலம் முழுவதும் இவர்கள் அந்த வரிசையில் நிற்கவே முடியவில்லை.

மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊவாவில் ஒக்டோபர் பிறந்தால் மழைதான். அடைமழை பெய்யும்போது இரவுக்குக் கோயிலிலோ பாடசாலையிலோ போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். போவார்கள். மலை விழாது. காலையில் கைக்குழந்தையையும் பாயையும் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் அரைப்பேர்கூட இல்லை. இப்படிப் பல வருடம் போய் வந்த ஒருவருக்கு, விழாத மலைதான் அனுபவம். அவர் அறியாமையால் இருந்தார் என்று சொல்வது அநியாயம்.

இதையெல்லாம் கேட்டபிறகு கேள்வி கேட்ட மாணவி என்னிடம் வந்து, “டீச்சர், அப்ப அந்தக் கேள்விய நான் ஆரிட்டக் கேட்டிருக்கணும்?” என்றாள். இந்த ஒரு வசனத்துக்காகவே அந்தப் பயணம் போதும் என்று நினைத்தேன்.

பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்துக்கு வந்து சேர்வதில்லை. வேறு விதமான எதிரொலிகளும் இருந்தன. வகுப்பில் லெவியைப் பற்றிச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, காஸாவில் பிள்ளைகள் இறந்துகொண்டிருக்கும்போது இந்தக் கதையை நாங்கள் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டாள். வகுப்பில் பலருடைய மனத்திலும் அது இருந்தது. கேட்காமல் மனத்துக்குள் வைத்திருப்பதைவிடக் கேட்டது நல்லது. முகாமில் மெலிந்து கிடந்தவனுடைய துயரத்தை அறிந்துகொள்வதால் காஸாவின் தாய்க்குக் கொடுக்க வேண்டிய கண்ணீரில் ஒரு துளியும் குறையாது என்று சொன்னேன். இரண்டு துயரங்களையும் தராசில் வைத்து எது பாரம் என்று பார்க்கத் தொடங்கினால், கடைசியில் இரண்டில் ஒன்றை மறுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுவோம். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்தியது கேள்வியோ கோபமோ அன்று, தூரம். “அது தோட்டத்து ஆக்களுக்கு நடந்தது” என்ற தொனி. டவுனில் வாழும் நமக்கும் லயத்தில் வாழ்கிறவர்களுக்கும் இடையில் ஒரு பஸ் பயணத் தூரம்தான். ஆனால் மனத்துக்குள் கடலளவு தூரம். அதை உடைத்தவளும் ஒரு மாணவிதான். அவளுடைய வாப்பா முன்னர் தோட்டப் பக்கத்துக் கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். பயணம் முடிந்து வீட்டுக்குப் போய், மீரியபெத்த ஆக்களைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். வாப்பா அலுமாரியைத் திறந்து பழைய கடன் கொப்பியை எடுத்து வந்து காட்டினாராம். மாவு, சீனி, மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சப்பாத்து என்று மாதச் சம்பளக் கணக்கு. அதில் சில பக்கங்களில் மீதி அடிக்கப்படாமலே இருந்தது. “அவங்க ஏமாத்தல்ல மகள், வர முடியாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பத்து வருடமாக அந்தக் கொப்பி வீட்டில் இருந்ததே அவளுக்குத் தெரியாது. கேட்டவுடன் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு சாட்சி எழுந்து வந்தது.

இந்த இடத்தில் பெற்றோரின் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓர் உம்மா வந்து, மழை பெய்த இரவில் மகள் தூங்கவில்லை என்று முறையிட்டார். அவருடைய கவலை நியாயமானது. டோரி லாவுப் என்ற மனநல மருத்துவர் சிறு வயதில் நாஸிக் கொடுமையிலிருந்து தப்பியவர். 1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் தப்பியவர்களின் வாக்குமூலங்களைப் படம்பிடித்துச் சேர்க்கும் வேலையைத் தொடங்கியவர்களுள் ஒருவர். கேட்பவரும் அந்த அனுபவத்தில் ஒரு பங்காளியாகிவிடுகிறார், சொல்பவரின் பாரத்தில் ஒரு பகுதி அவர் தலையிலும் ஏறுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே தூக்கம் போவது எதிர்பார்க்க வேண்டியதே. அதற்காகக் காதைப் பொத்தி வைக்க முடியாது. பிள்ளையின் வயதைப் பார்க்க வேண்டும்; போகுமுன் என்ன கேட்கப் போகிறோம் என்று சொல்லி வைக்க வேண்டும்; கேட்டுவிட்டு வந்த இரவில் தனியே விடாமல் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பதினாறு வயதுப் பிள்ளை கைபேசியில் இதைவிடக் கொடுமையானவற்றை எந்தத் துணையும் இல்லாமல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சொல்பவரின் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. 2014இல் கமெராக்களும் ஒலிவாங்கிகளும் வரிசையாக மலையேறின. ஒரே ஆளிடம் ஒரே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. அந்த அம்மாவிடம் போகுமுன் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது புதிய ஒழுங்கு ஒன்றன்று. மய்யித்து வீட்டுக்குப் போனால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? எப்படி மௌத்தானார், கடைசியில் என்ன சொன்னார் என்று வாசலிலேயே விசாரணை நடத்துவதில்லை. ஸலாம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களாகப் பேசினால் கேட்கிறோம். பேசாவிட்டால் நாமும் பேசாமல் இருக்கிறோம். சாப்பாடு கொண்டு போகிறோம். நாளைக்கும் போகிறோம். தஃஸிய்யத்தில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த இந்த ஒழுங்கு போதும். படம் எடுக்க வேண்டாம் என்பதை மட்டும் இந்தக் காலத்துக்காகச் சேர்த்துச் சொன்னேன்.

கேட்டதை என்ன செய்வது? ஹிரோஷிமாவில் 1945ஆம் ஆண்டு அணுகுண்டுக்குத் தப்பியவர்கள் முதுமையடைந்து குறைந்துவருவதால், அந்நகர நிருவாகம் 2012ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இளையவர்கள் தப்பிய ஒருவரிடம் நேரே கேட்டு, சில வருடப் பயிற்சிக்குப் பின் அவருடைய அனுபவத்தை அவருக்காகச் சொல்லத் தகுதி பெறுகிறார்கள். நம் மாணவியருக்கு இது அதிசயமாகத் தோன்றவில்லை. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையை இஸ்லாம் பாடத்தில் படித்தவர்கள் அவர்கள். சங்கிலியில் ஒரு கண்ணி பொய் சொன்னால் அந்தச் செய்தி தள்ளப்படும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே கேட்டதை எழுதும்போது யார் சொன்னார், எங்கே, எப்போது, கூட இருந்தவர் யார் என்பதை மேலே குறித்துக்கொண்டார்கள். சொல்லாததை அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை. ரொட்டி மாவுக் கோப்பையைச் சரிந்த மலையைவிடப் பெரிதாக எழுதியிருந்தார்கள், ஏனென்றால் அவர் அப்படித்தான் சொன்னார்.

நம் வீடுகளிலேயே இன்னும் எழுதப்படாதவை எத்தனை! 1983 ஜூலையில் பதுளைக் கடைவீதி எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் பேரப்பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். அவர்கள் தம் உம்மம்மாவிடம் கேட்பது தலைகீழான கேள்வி: “ஏன் போனீங்க? ஏன் அங்கேயே இருக்கல்ல?” போகாதவரிடம் ஏன் போகவில்லை என்றும், போனவரிடம் ஏன் போனீர்கள் என்றும் கேட்கிறோம். ஆயுதத்தோடு நின்றவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும் இந்தக் கேள்விகளுக்கு வெளியே நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

பயணத்துக்குப் பின் மாணவியர் தாமாகவே ஒரு வேலையில் இறங்கினார்கள். மண்சரிவின் அடையாளங்களைச் சேகரித்து எழுதினார்கள்: நிலத்திலும் சுவரிலும் புதிதாக வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், தெளிவாக வந்த ஊற்று திடீரெனச் சேறாதல் அல்லது வற்றுதல், ஊற்றில்லாத இடத்தில் நீர் கசிதல், கதவு யன்னல் இறுகுதல். இருபத்துநான்கு மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் புறப்படத் தயார் நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற அளவுகளையும் குறித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டைக் காட்டி, இது ஆபத்து வரைபடத்தில் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்க வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேடு வரைபடத்தில் இருந்தது. அன்றிரவு சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது, மழை நூற்றைம்பதுக்கு வந்தால் நாங்கள் ஐந்து பேரும் எங்கே போவது என்று அவள் கேட்டிருக்கிறாள். மாமி வீடு பள்ளத்தில், சாச்சா வீடு அதே மேட்டில். பள்ளிவாசலின் மேல்மாடியில் இடம் தருவார்களா என்று வாப்பா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.